மாப்பிள்ளை செய்த மெஷின்

மாடியில் நாற்காலி உருளும் சத்தம் கேட்டால் மாப்பிள்ளை வேலை செய்கிறார் என்று அர்த்தம். கேட்காவிட்டால் யோசிக்கிறார் என்று அர்த்தம். இப்படி உருண்டும் யோசித்தும் ஒரு வருஷம் முழுசாக ஓடி, அடுத்த வருஷமும் பாதி கரைந்துவிட்டது. கீழே மேசை முன்னால் உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பார்த்துப் பார்த்து, அவருடைய மாமியார் சிலிண்டர்க்காரம்மாவுக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

அவள் வீட்டில் முன்பாதி குடோன், பின்பாதி குடித்தனம். குடோனில் ஆளுயர சிலிண்டர்களும் இடுப்புயர சிலிண்டர்களும் சுவரோரம் சங்கிலி போட்டு நிற்கும். தெரியாதவர்கள் அடுப்புக்கு காஸ் கேட்டு வந்து நிற்பார்கள். "இது அடுப்புக்கு இல்லப்பா, மூச்சுக்கு" என்று சொல்லித் திருப்பி அனுப்பி அவளுக்கு அலுத்துவிட்டது. நுரையீரல் கெட்டுப்போய், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க இனி ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். மூக்கில் குழாயைச் செருகிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அவர்களுக்கு ஆக்சிஜன் கொண்டுபோய்க் கொடுப்பது தொழில். புருஷன் வேனை ஓட்டுவார், கூட ஒரு லோடுமேன். போன் பேசுவதும், யாருக்கு எப்போது தீரும் என்று கவலைப்படுவதும் அவள் வேலை.

கவலைதான் அதில் பெரிய வேலை. ஒருவருக்கு நாள் முழுக்கக் குழாய் வேண்டும், இன்னொருவருக்குத் தூங்கும்போது மட்டும். ஒருவர் காற்று வரும் திருகைச் சன்னமாக வைப்பார், இன்னொருவருக்குத் தாராளமாகத் திறந்தால்தான் தாங்கும். பனி இறங்கிவிட்டாலோ எல்லாருமே கூட்டி வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் அவள் குடோன் சுவரில் ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி, அழித்து, எழுதிச் சமாளித்து வந்தாள். சிலிண்டர் உரசினால் பாதிப் பேர் அழிந்துபோவார்கள். அப்புறம் லோடுமேனின் முதுகுச் சட்டையைப் பார்த்துத்தான் யார் அழிந்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை மாடிக்குக் குடிவந்த புதிதில் அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். எங்கோ இருக்கிற கம்பெனிக்கு மாடியிலிருந்தே சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பவர் அவர்.

"என்ன அத்தை இது, இந்தக் காலத்துல போய்ப் பலகை? ஒரே மாசம் டைம் குடுங்க. கம்ப்யூட்டரே சொல்லும், இன்னைக்கு யாரைக் கூப்பிடணும்னு."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே போன் போட்டவர்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். "எங்க மாப்பிள்ளை மெஷின் செய்யறாரு!"

அந்த ஒரு மாதம் போயிற்று. அடுத்ததும் போயிற்று. கேட்கலாம் என்றால் எப்படிக் கேட்பது? வீட்டோடு வந்து இருக்கிற மாப்பிள்ளை. ஒரு சொல் முன்னே பின்னே விழுந்தால், 'இவங்க வீட்டுல இருக்கேன்ல, அதான் வேலை வாங்கறாங்க' என்று மனுஷன் நினைத்துவிட்டால்? அந்த வீட்டில் அது எழுதாத சட்டம். மாப்பிள்ளை முகம் சுருங்கக் கூடாது. ஆகவே கேள்வி எல்லாம் மகள் வழியாக மாடியேறும், பதில் மகள் வழியாக இறங்கும்.

"ஏண்டி, அது என்னாச்சுன்னு மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளேன்."

"நீயே கேளேன்."

"நான் எப்படிக் கேக்கறது? மாமியார் நச்சரிக்கிறான்னு ஆயிடாதா?"

"நான் கேட்டா மட்டும் இனிக்குதா? 'உங்கம்மா கேக்கச் சொன்னாங்களா'ங்கறாரு."

"நான் சொன்னேன்னு சொல்லாத."

"வேற யாரும்மா கேப்பாங்க இந்த வீட்டுல? பூனையா?"

பதில்கள் இறங்கி வந்தன. முக்கால்வாசி முடிஞ்சிடுச்சாம். அப்புறம், கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சாம். அப்புறம், சின்னச் சின்னது பாக்கியாம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவளே போனில் செய்தி அனுப்பினாள்: 'மாப்ள, சாப்பிட்டீங்களா? அந்த வேலை எந்த அளவுல இருக்கு?' தலைக்கு மேலே இருக்கிற ஆளுக்குச் செய்தி. அவர் படித்துவிட்டார் என்று நீலக் கோடு விழுந்தது. சாயந்திரம் ஒரு கட்டை விரல் வந்தது.

"என்னங்க, கேள்வி கேட்டா கட்டை விரலைக் காட்டறாரு," என்று புருஷனிடம் முறையிட்டாள்.

"வேற விரலைக் காட்டாம விட்டாரேன்னு சந்தோஷப்படு," என்று அவர் வேனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒருநாள், அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை இறங்கிவந்து கீழ்க் கம்ப்யூட்டரில் எதையோ ஏற்றிவிட்டு, வந்த சுவடு தெரியாமல் மேலே போய்விட்டார். மகள்தான் வந்து சொன்னாள்: "சோதனைக்குப் போட்டிருக்காராம். சும்மா தட்டிப் பாருன்னாரு."

திரையின் தலைமாட்டில் மஞ்சள் பட்டை. அதில் 'சோதனை' என்று எழுதியிருந்தது. கீழே அவர் வைத்த ஆட்கள்: அஅஅ, ஆஆஆ, நோயாளி ஒன்று, நோயாளி இரண்டு. நோயாளி இரண்டுக்கு வயது இருநூறு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பார்ப்போமே என்று ட்ராயிங் மாஸ்டரைச் சேர்த்தாள். பள்ளிக்கூடத்தில் படம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், அவளிடம் பல வருஷமாக வாங்குபவர். எந்த சிலிண்டர், திருகு எவ்வளவு, என்று மாட்டியது, எல்லாம் போட்டாள். இரண்டு நாள் கழித்துக் காலையில் வந்து திறந்தால் மாஸ்டர் பெயர் சிவப்பாக நின்றது. நாளைக்குத் தீரும் என்று அர்த்தம். போன் போட்டு, சிலிண்டர் மேல் வட்டத்தில் முள் எங்கே நிற்கிறது என்று கேட்டாள். சரியாக இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

அப்புறம் கை நிற்குமா? பேங்க்காரர், கோழிக்கடைக்காரரின் அம்மா, தையல் அக்கா என்று ஒவ்வொருவராக அத்தனை பேரும் உள்ளே போனார்கள். கரும்பலகையை லோடுமேன் கழற்றி, காலி சிலிண்டர்களுக்கு அடியில் போட்டுவிட்டான். புருஷன் சிலிண்டர் போட்ட இடத்திலேயே போனில் தட்டிவிடுவார், அதுவும் அதிலேயே போய்ச் சேர்ந்துவிடும். துண்டுச்சீட்டு எழுதுகிற பழக்கமும் போயிற்று.

இதை மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. முடியாத வேலையை எடுத்துப் புழங்குகிறோம் என்று தெரிந்தால், 'அவ்வளவு என்ன அவசரம்' என்று குத்திக்காட்டுகிற மாதிரி ஆகிவிடுமே என்றுதான் விட்டுவிட்டாள். மகளிடம் மட்டும் சொன்னாள்: "சோதனை நல்லாப் போகுதுன்னு சொல்லு." அது மாடிக்குப் போயிற்று. மாடி சந்தோஷப்பட்டது. நாற்காலி அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே உருண்டது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் ராணியாக இருந்தாள். சிவப்பில் நிற்பவர்களுக்கு அவளே போன் போடுவாள். "உங்களுக்கு நாளைக்குத் தீருது, இன்னைக்கே வண்டி வருது." ஆட்கள் அசந்துபோவார்கள். "எப்படிம்மா கண்ணால பாத்த மாதிரி சொல்றே?" என்பார்கள். "எங்க மாப்பிள்ளை செஞ்ச மெஷின்! நீங்க முள்ளை எல்லாம் பாக்க வேண்டாம், நாங்க பாத்துக்கறோம்." கொஞ்ச நாளில் யாரும் முள்ளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

அன்று காலை எதிர்வீடு தெரியாத பனி. புருஷனும் லோடுமேனும் காலி சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு காஸ் நிரப்பும் இடத்துக்குப் போயிருந்தார்கள். அவள் ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மகளுடையது இல்லை. மாப்பிள்ளையே இறங்கி வந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, முகமெல்லாம் வெளிச்சம். பின்னாலேயே மகளும் வந்து வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.

"அத்தை, முடிஞ்சிடுச்சு."

"என்னது மாப்ள?"

"நம்ம சாஃப்ட்வேர்தான். ரொம்ப நாள் காக்க வச்சுட்டேன், ஸாரி. மூணு தடவை மொத்தமா அழிச்சுட்டு முதல்லேர்ந்து எழுதினேன் அத்தை. அரைகுறையா உங்க கையில குடுக்க மனசு வரலை. வாங்க, உக்காருங்க."

அவளுக்கு வாயெல்லாம் பல். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மஞ்சள் பட்டையைக் காணோம். பளிச்சென்று நீலத் திரை, மூலையில் ஒரு சிலிண்டர் படம், நடுவில் 'வணக்கம்'. அவள் எப்போதும் அழுத்தும் இடத்தை அழுத்தினாள். வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. அதில் ஒன்றுமில்லை.

"ஆளுங்க எங்கே மாப்ள?"

"எந்த ஆளுங்க?"

"நம்ம ஆளுங்க. இன்னைக்குச் சிவப்பு யாருன்னு பாக்கணும்."

"அது சோதனைக்குப் போட்டதுதானே அத்தை? அஅஅ, ஆஆஆ. அதையெல்லாம் துடைச்சுட்டேன். சுத்தமா இருக்கட்டும்னு. இனிமே நிஜ ஆளுங்களைப் போட ஆரம்பிக்கலாம்."

அவள் கை பட்டு டீ டம்ளர் சாய்ந்து மேசையில் கொட்டியது. அதைத் துடைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"நிஜ ஆளுங்கதான் மாப்ள அதுல இருந்தது."

"என்ன சொல்றீங்க?"

"எல்லாரும். மாஸ்டரு, பேங்க்காரரு... எல்லாரும். இத்தனை மாசமா அதுலதான் ஓட்டிட்டு இருக்கோம்."

மாப்பிள்ளையின் முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே இறங்கிப்போயிற்று. அவர் மகளைப் பார்த்தார். "நீ சோதனை நல்லாப் போகுதுன்னுதானே சொன்னே?"

"அம்மா அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க," என்றாள் மகள்.

"துடைக்கும்போது ஒரு தடவை திறந்துகூடப் பாக்கலையா மாப்ள?"

"பாக்கலை அத்தை. சோதனைதானேன்னு..."

"திருப்பிக் கொண்டு வந்துடலாம்ல? மேல உங்க பெட்டியில ஒரு நகல் இருக்கும்ல?"

அவர் கம்ப்யூட்டரை இழுத்து வைத்துக்கொண்டு தட்டினார். "சோதனைக்கு நகல் எடுத்து வைக்கலை அத்தை," என்றார் கடைசியில்.

அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். அவர் வரிசையில் நிற்பதாகச் சொன்னார், பின்னால் மெஷின் இரைச்சல்.

"என்னங்க, நேத்து யார் யாருக்குப் போட்டீங்க?"

அவர் சொன்னார். மகள் எழுதிக்கொண்டாள்.

"முந்தாநாளு?"

"முந்தாநாளா? தையலுக்குப் போட்டேன்... கோழிக்கடைக்கு... இல்ல, அது அதுக்கு முந்தின நாளா? ஏன் என்னைக் கேக்கறே, மெஷின்ல பாரு."

"மெஷின்ல இல்லீங்க."

"இல்லைன்னா?"

"ஒண்ணுமே இல்லீங்க. போச்சு."

"எல்லாருக்கும் போன் போடு. இப்பவே," என்றார் அவர். "நான் கிடைச்சதை ஏத்திட்டு வர்றேன்."

மூன்று பேரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நம்பர் எல்லாம் நல்லவேளையாக அவள் போனில் இருந்தது. மாப்பிள்ளை இதுவரை இவர்கள் ஒருவரிடமும் பேசியதில்லை. முதல் போனே பேங்க்காரர் மனைவி.

"வணக்கங்க, சிலிண்டர் வீட்டிலேர்ந்து பேசறேன். உங்க வீட்டுல முள் எங்கே நிக்குதுன்னு..."

"எந்த முள்ளுங்க?"

"சிலிண்டர் மேல வட்டமா இருக்குமே, அதுல."

"அதை நாங்க பாக்கறதே இல்லையே. அம்மாதானே சொல்வாங்க! நீங்களே எங்களைக் கேட்டா எப்படி?"

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மாமியாரைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "கிட்டப் போய்ப் பாக்கச் சொல்லுங்க. முள்ளு பச்சையில நிக்குதா சிவப்புலயான்னு மட்டும் கேளுங்க," என்றாள் அவள்.

தையல் அக்காவுக்குப் பச்சை. பேங்க்காரருக்குச் சிவப்புக்குக் கொஞ்சம் மேலே. கோழிக்கடைக்காரர் போனை எடுத்து, "என்னக்கா, மெஷினுக்கு உடம்பு சரியில்லையா?" என்று சிரித்தார். பார்த்துவிட்டு வந்தபோது அவர் சிரிக்கவில்லை. "அக்கா, இது கீழ ஒட்டிக்கிட்டு நிக்குதே. நேத்து பனிக்கு அம்மா மூச்சு வாங்குதுன்னு கூட்டி வச்சோம். வண்டியை அனுப்புங்க. சீக்கிரம்!" புருஷனுக்குச் சொல்லி, வேனை நேராக அங்கே விடச் செய்தார்கள். ஒவ்வொரு பெயராகத் தாண்டத் தாண்ட, இதோ முடிந்துவிடும், ஒன்றும் ஆகாது என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ட்ராயிங் மாஸ்டர் மட்டும் எடுக்கவில்லை.

திரும்பப் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மகள் போட்டாள். எடுக்கவில்லை. மாஸ்டரின் மனைவிக்குக் காது கேட்காது, போனை எப்போதும் மாஸ்டர்தான் எடுப்பார்.

"குளிக்கப் போயிருப்பாரும்மா," என்றாள் மகள்.

"இந்தப் பனியிலயா? குழாயைக் கழட்டினா அவரால எழுந்திருக்கவே முடியாதுடி."

"ஆம்புலன்ஸ் கூப்பிடவா?"

"கூப்பிடு. அவங்க வர்றதுக்குள்ள நாங்க போயிடுவோம்." எழுந்தாள். "மாப்ள, உங்க காரை எடுங்க."

இடுப்புயர சிலிண்டர் ஒன்றை அவளே சாய்த்து உருட்டிக்கொண்டு வந்தாள். பின் சீட்டில் படுக்க வைத்து, உருளாமல் இருக்கத் தலையணையை முட்டுக்கொடுத்தாள். சிலிண்டர் திறக்கும் சாவி, ரெகுலேட்டர், குழாய் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள். கார் பனிக்குள் ஊர்ந்தது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இவர்களுடைய அவசரம் தெரியாமல் ஊர் அதன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை," என்றார் மாப்பிள்ளை, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "நிஜ ஆளுங்க இருக்காங்கன்னு."

"துடைக்கப் போறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு..."

"நல்லா ஆச்சரியப்படுத்தினீங்க, போங்க!" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "எத்தனை தடவை கேட்டேன் மாப்ள. ஒரு கட்டை விரல். அவ்வளவுதானே?" என்றாள்.

"என்ன சொல்றதுன்னு தெரியாது அத்தை. முடியலைன்னு சொன்னா, இதைக்கூடச் செய்யத் துப்பில்லையான்னு நினைப்பீங்களோன்னு இருக்கும். சரி, ரெண்டு நாள்ல முடிச்சுட்டு நேரா சொல்லிக்கலாம்னு நினைப்பேன். ரெண்டு நாள்ல முடியாது. அதுக்கப்புறம் சொல்றதுக்கு இன்னும் கூச்சமாயிடும்."

"நானும் கூச்சப்பட்டுத்தான் இருந்தேன்," என்றாள் அவள். அந்த நேரத்தில் அதைக் கேட்டு அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ரெண்டு பேர் கூச்சத்துக்கு நடுவில் அந்த மனுஷர் எந்தக் கதியில் இருக்கிறாரோ!

மாஸ்டர் வீடு மேல்தளத்தில். படி ஒடுக்கம், அதுவும் திரும்பித் திரும்பிப் போகும். லோடுமேன் இதைத் தோளில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறுவான். மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்து பாரம் தூக்கிய ஆள் இல்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். அவள் கீழே நின்று தாங்கினாள். திருப்பத்தில் இரும்பு பனி ஈரத்தில் வழுக்கிற்று. சிலிண்டர் அவர் கையைவிட்டு நழுவி அவள் தலையை நோக்கி இறங்கியது.

"டேய்! கழுத்தைப் புடிடா! கழுத்தை!"

மாப்பிள்ளை சட்டென்று சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துவிட்டார். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சிலிண்டர் தப்பியது பெரிசா, தன் வாயிலிருந்து வந்தது பெரிசா என்று அவளுக்குப் புரியவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து 'வாங்க, போங்க'வைத் தவிர அந்த மனுஷரிடம் அவள் பேசியதில்லை.

"நிக்கறியே, தூக்கு!" என்றாள் மறுபடியும். அவர் தூக்கினார்.

கதவை உடைக்கிற மாதிரி தட்டிய பிறகுதான் திறந்தது. மாஸ்டரின் மனைவி ஈரக் கையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். "வா வா. அவர் கண்ணசந்துட்டாரு, மெல்ல வா," என்றாள், காது கேட்காதவர்களுக்கே உள்ள உரத்த குரலில்.

உள்ளறையில் போன் மினுக்மினுக்கென்று எரிந்து இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மகள் விடாமல் போட்டுக்கொண்டிருந்தாள் போலும். ஜன்னலோரம் மாஸ்டர் மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தார். மூக்கில் குழாய் இருந்தது. உதடு நீலம் பாரித்து, நகமெல்லாம் கருத்திருந்தது. முள் அடியில் படுத்துவிட்டிருந்தது. சிலிண்டர்க்காரம்மாவுக்கு ஒரு நொடி உலகமே நின்றுவிட்டது. பிறகுதான் பார்த்தாள், தோள்பட்டை லேசாக ஏறி இறங்கியது.

அதற்கப்புறம் அவள் கை தானாக வேலை செய்தது. சாவியை மாட்டி ஒரு தரம் திறந்து மூடினாள். புஸ்ஸென்று காற்று சீறி மேசைமேல் இருந்த காகிதமெல்லாம் பறந்தது. ரெகுலேட்டரை வைத்துத் திருகினாள். குழாயைப் பிடுங்கி இதில் செருகினாள். "தலையைத் தூக்கிப் புடி. நிமிர்த்து. நெஞ்சோட சாச்சுக்கோ," என்றாள். மாப்பிள்ளை மாஸ்டரைத் தன் சலவைச் சட்டையில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். குழாயோடு மாட்டியிருந்த தண்ணீர் பாட்டிலில் குமிழி கிளம்பியது. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். மூன்று பேரும் அந்தக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெகுநேரம் ஒன்றும் நடக்காதது போலிருந்தது. பிறகு மாஸ்டர் ஒரு பெரிய மூச்சை இழுத்தார். இருமினார். கண் திறந்தது. உதட்டில் நீலம் மெல்ல விட்டது. ஆம்புலன்ஸ் இன்னும் பனியில் ஊர்ந்துகொண்டிருந்தது போலும். பேச வராமல் திருகைச் சுட்டிக் காட்டி, விரலால் முதலில் கூட்டுகிற மாதிரியும் பிறகு குறைக்கிற மாதிரியும் செய்தார். அவளுக்குப் புரிந்தது: நேற்றுப் பனிக்குக் கூட்டி வைத்ததில் ராத்திரியே தீருகிற மாதிரி ஆனதை அவர் பார்த்திருக்கிறார். எப்படியும் போன் வரும், வண்டி வரும் என்று, அதுவரை தாங்கட்டும் என்று திருகை இறக்கி இறக்கி வைத்திருக்கிறார். நாமாகக் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வானேன் என்று.

மனைவிக்கு இப்போதுதான் மெல்ல விளங்கியது. புருஷனின் கையைப் பிடித்துப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், பழைய சிலிண்டரைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. அடுத்த கணம் சிலிண்டர்க்காரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நான் போன்கூடப் பண்ணலையே! நான் அங்க பாத்திரம் கழுவிட்டு நிக்கறேன், இவரு இங்க... எப்படித்தான் தெரியுதோ உங்களுக்கு! அந்த மெஷின் சொல்லுச்சா? இந்தத் தம்பிதானே செஞ்சது? நல்லா இருக்கணும்பா நீ. உன் கையை எங்க கண்ணுல ஒத்திக்கணும்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். மாஸ்டர் பிழைத்துவிட்டார், யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. சிலிண்டர்க்காரம்மா தலையை ஆட்டியும்விட்டாள். ஒன்றரை வருஷமாக இந்த மனுஷர் வாயைத் திறக்கமாட்டாரா என்று ஏங்கியவள், இப்போது மட்டும் திறந்துவிடாதே என்று அவரைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றார் மாப்பிள்ளை. "மெஷின் சொல்லலை. அதுல இருந்ததை எல்லாம் நான் அழிச்சிட்டேன்."

மாஸ்டர் மாப்பிள்ளையின் நெஞ்சில் சாய்ந்தபடியே கண்ணை உயர்த்திப் பார்த்தார். அவர் காதில் விழுந்துவிட்டது. மனைவி கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். "ஆங்? என்ன சொல்றே?"

"அழிச்சிட்டேங்க!"

"சத்தமாச் சொல்லுப்பா."

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன்! யாருக்கு எப்பத் தீரும்னு எங்களுக்குத் தெரியாது! நீங்க போன் எடுக்கலைன்னு பயந்துதான் ஓடி வந்தோம்!"

அந்தக் கத்தலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. யாரோ பல் துலக்குகிற பிரஷ்ஷோடு எட்டிப்பார்த்தார்கள். மாப்பிள்ளையின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர்க்காரம்மாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"தப்பு அவர்மேல மட்டும் இல்லம்மா!" என்று அவளும் கத்தினாள். "உங்களை எல்லாம் அதுல போட்டிருக்கேன்னு நான் அவர்கிட்டச் சொல்லவே இல்லை! அது சோதனை மெஷின்! முடிஞ்ச மெஷின் இல்லை! முள்ளைப் பாக்க வேண்டாம்னு உங்ககிட்டச் சொன்னதே நான்தான்!"

மாஸ்டரின் மனைவி இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிடித்திருந்த கைகளை விட்டாள். கட்டில் விளிம்பைத் தடவிப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள்.

"எனக்குக் காது கேக்காதில்லையா," என்றாள். "அதனால அந்த முள்ளையே பாத்துக்கிட்டு ராத்திரி பூரா உக்காந்திருப்பேன். வருஷக்கணக்கா அப்படித்தான். நீ வந்து, மெஷின் இருக்கு, நாங்க பாத்துக்கறோம்னு சொன்னப்புறம்தான் கால நீட்டிப் படுத்தேன். இந்தக் குளிருக்கு நல்லாத் தூங்கினேன்மா." புருஷன் பக்கம் திரும்பிப் பார்த்தாள், பிறகு இவர்களை. "அப்ப, இனிமே நான் தூங்கக் கூடாதா?"

மாப்பிள்ளை மாமியாரைப் பார்த்தார். மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அறையில் பாட்டில் குமிழியிடும் சத்தம் மட்டும் இருந்தது, அது மாஸ்டரின் மனைவிக்குக் கேட்காது. பதில் சொல்லியிருப்பார்கள், தனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தோ என்னவோ, அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு அவர்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.